மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்



போன மாதம் என் பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நம் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழியும். பிறகு கொசஸ்தலையாற்றுப் பாலம். ஒரு பக்கம் உப்பங்கழி, ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அதையும் தாண்டிப் போய், இறங்கி, பஸ் மாறி, பெரியப்பாவின் ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர், “பத்திரிகையில ஊர் பேரு வரக்கூடாது சார்” என்ற நிபந்தனையோடுதான் வாயையே திறந்தார்.

பெரியப்பா அந்த அலுவலகத்தில் 28 வருஷம் பில் கலெக்டராக இருந்தவர். ‘வரித் தண்டலர்’ என்று அரசு ஆணையில் எழுதுவார்கள்; ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கணினி முன்னால் இருந்த பெண் பெயரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பில் கலெக்டரா இருந்தாரே, அவரா சார்?”

“ஆமாம்மா.”

“அவர் எழுதின ரிஜிஸ்டர் இன்னும் பீரோவுல கிடக்கு சார். கையெழுத்து அச்சு அடிச்ச மாதிரி இருக்கும்.”

இறப்பைப் பதிந்தாயிற்று, சான்றிதழும் வந்தாயிற்று. 21 நாளுக்குள் வந்துவிட்டதால் கட்டணமும் இல்லை. கிளம்பும்போது, “வீட்டு வரி பாக்கி இருக்கான்னு பாத்துடலாமா சார்?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தன் வீட்டு வரியை அரையாண்டு பிறந்த முதல் நாளே தனக்குத்தானே ரசீது போட்டுக் கட்டிய மனிதர் அவர். பாக்கி என்ற கட்டத்தில் சுழியம்தான் இருந்தது.

இந்த இதழின் பக்கங்களை அச்சுக்கு அனுப்பும் வேலைக்கு நடுவில் அந்தச் சுழியமே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததால், இந்த முறை வழக்கமான அறிமுகங்களை விட்டுவிட்டுப் பேரூராட்சியைப் பற்றிப் பேசுகிறேன். வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

நான் வளர்ந்த காலத்தில் தண்டையார்பேட்டைக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. எங்கள் தெருவுக்கு மட்டுமல்ல, சென்னை முழுவதற்குமே இல்லை. மஸ்டர் ரோல் ஊழல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் வருகைப் பதிவேட்டில் கூலி எழுதிய விவகாரம். அதையொட்டி 1973 டிசம்பரில் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இடையில் சுமார் 23 ஆண்டுகள். 1688 செப்டம்பர் 29ஆம் தேதி தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இது. தலைமையகமான ரிப்பன் மாளிகை இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், கேள்வி கேட்க உறுப்பினர்தான் இல்லை. இதில் எங்கள் பக்கத்துக்குக் கூடுதல் வருத்தம் ஒன்று உண்டு. இந்த மாநகராட்சியின் தலைமையில் இருந்து, 1920இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தொடங்கிய சர் பிட்டி தியாகராயர் கொருக்குப்பேட்டைக்காரர். அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது, இப்போது மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறது. அவர் உட்கார்ந்த மன்றம்தான் ஒரு தலைமுறைக் காலம் பூட்டிக் கிடந்தது.

ஆகவே சின்ன வயதில் அரசாங்கம் என்றால் எனக்குத் தண்ணீர் லாரிதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அது திரும்பும் சத்தம் கேட்டால் குடத்தோடு ஓட வேண்டும். ஏன் நேற்று வரவில்லை என்று டிரைவரைத் திட்டலாம். அவருக்கு மேலே யாரைக் கேட்பது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

கோடை விடுமுறைக்குப் பெரியப்பா ஊருக்குப் போனால் உலகமே வேறாக இருந்தது. 1986இல் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் நெடுநாள் கழித்துத் தேர்தல் நடந்திருந்தது. சென்னைக்குத்தான் நடக்கவில்லை. அந்த ஊரின் தலைவர் காலையில் பனியனோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். “தலைவரே, எங்க தெரு லைட்டு அணைஞ்சு பத்து நாளாவுது, உங்க வீட்டு வாசல்ல மட்டும் ரெண்டு எரியுது” என்று ஒரு பாட்டி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். தலைவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் குழல்விளக்கு எரிந்தது. ரிப்பன் மாளிகையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது மாயாஜாலம்.

மாயாஜாலத்துக்குப் பின்னால் இருந்த வேலையைப் பெரியப்பாதான் காட்டினார். அந்த அலுவலகத்தின் நாள், ஆபீஸ் திறக்கும் பத்து மணிக்குத் தொடங்குவதில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு மேஸ்திரி வருகை எடுக்கும்போதே தொடங்கிவிடும். யாருக்குப் பஸ் நிலையம், யாருக்குச் சந்தைத் திடல், யாருக்குச் சாக்கடை என்று பிரித்து அனுப்புவார். சாக்கடைப் பெயர் எப்போதும் அதே நாலு பேருக்குத்தான் விழும். ஏன் என்று பெரியப்பாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சைக்கிளை மிதித்தார். 2020இலிருந்து அவர்களைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்றே அழைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டுவிட்டது. நல்ல காரியம். அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பது மட்டும் பெரிதாக மாறவில்லை.

அடுத்து வால்வு. ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து பிரியும் குழாய்கள், தெருமுனைக் குழிகளில் வால்வுகள். ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் திறக்கும் ஃபிட்டர் போவார். விடுமுறையில் அவர் பின்னால் சுற்றுவதுதான் என் வேலை. எந்த வால்வை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும், எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷம், எந்த வீட்டில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் தலைக்குள் இருந்தது. மேட்டுத் தெருவுக்கு முதலில் திறக்க வேண்டும், பள்ளத்துத் தெருவைத் திறந்துவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது என்று எனக்குப் பாடம் நடத்துவார். காலனிக்கு மட்டும் கடைசியாகத்தான் போகும். மேடு பள்ளக் கணக்கு என்றார்கள். காலனி மேட்டில்தான் இருந்தது. அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று.

பத்து மணிக்கு மேல் அலுவலகம் சூடுபிடிக்கும். பிறப்பு, இறப்பு, கட்டட அனுமதி, புதுக் குழாய் இணைப்பு, பெயர் மாற்றம், நாய்த் தொல்லை, கல்யாண மண்டபத்து எச்சில் இலை. செயல் அலுவலர் ஒருவர், எழுத்தர் இரண்டு மூன்று பேர், ஒரு பில் கலெக்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மேஸ்திரி. இவ்வளவுதான் அரசாங்கம். யாராவது ஒருவர் லீவு போட்டால் ஒரு துறையே லீவு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரியப்பாவின் பையைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை வாடகை. பைக்கு வெளியே வாரச்சந்தைக் குத்தகை, பஸ் நிலையக் கட்டணம், கட்டணக் கழிப்பறை ஏலம், நில விற்பனையின்போது முத்திரைத் தீர்வையோடு வசூலாகும் பங்கு, மேலிருந்து வரும் நிதி ஆணைய மானியம். இத்தனை பெயர் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். சம்பளமும், மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்வாரியம் அனுப்பும் பில்லுமே வந்ததில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரம்பு வந்தது 1988இல். அன்றைக்கு 2,500 ரூபாய் என்றால் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இன்றைக்கும் அதே 2,500தான். டீயின் விலை எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சொத்து வரிக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் இப்போது 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மார்ச் மாதம் வந்தால் பெரியப்பா வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று கட்டம் போட்ட தாள் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சதவீதம் குறைந்தால் மேலதிகாரியிடம் பாட்டு. குழாயைத் துண்டிக்கப் போனால் வீட்டம்மா குடத்தோடு வாசலில் குறுக்கே நிற்பார். “அண்ணே, நெல்லு அறுத்ததும் கட்டிடறேன்” என்பார் ஒருவர். பெரியப்பா நோட்டில் ஒரு குறி போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். அறுப்பு முடிந்த மறுநாள் சரியாக அந்த வாசலில் நிற்பார். பழைய தமிழில் வரி வாங்குவதற்குத் தண்டல் என்று பெயர். எங்கள் காசிமேட்டில் தண்டல் என்றால் தினவட்டிக்காரர். இரண்டு பேரையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசலில் வந்து நிற்கும் தோரணையில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் பெரியப்பா வாங்கியதை வட்டியில்லாமல் குழாய் வழியாகத் திருப்பித் தந்தார்கள்.

மன்றக் கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். வெளி வராந்தாவில் நின்று நான் கேட்டதுண்டு. தலைமை எழுத்தர் ஒவ்வொரு பொருளாக வாசிப்பார். கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோன விவகாரம், பிளீச்சிங் பவுடர் வாங்கிய வகை, சந்தை ஏலத்தில் போன வருஷத்தைவிடக் குறைவாகக் கேட்ட வகை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே சொற்றொடர்: ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது.’ அந்த வயதில் அது எனக்கு மந்திரம் மாதிரி கேட்டது. மோட்டார் ஏற்கெனவே சரி செய்யப்பட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார் எரிந்தால் கூட்டம் கூடும்வரை ஊர் காத்திருக்காது. செலவு முதலில், ‘பின்னேற்பு’ பிறகு. இந்தப் பின்னேற்பு என்ற சொல்லுக்குள் ஊரின் நல்லதும் கெட்டதும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அவசரத்துக்கு வாங்கிய காயிலும் அதில்தான் வரும். வாங்காத பிளீச்சிங் பவுடரும் அதில்தான் வரும். எது எது என்று கேட்பதற்குத்தான் அந்த மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உள்ளாட்சி என்று பேச ஆரம்பித்தால் எல்லாரும் உத்திரமேரூருக்குப் போய்விடுவோம். பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. அந்தக் கல்வெட்டில் ஓலையைவிட எனக்குப் பிடித்தது வேறு. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தார், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று நெருங்கிய சொந்தத்துக்கும் இடமில்லை. அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஊரில் குத்தகை யார் பெயரில் எடுக்கப்படுகிறது, உண்மையில் யார் எடுக்கிறார்கள் என்பது ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பேரூராட்சி என்ற இந்த அமைப்பே விநோதமானது. கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. 1958ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தில் கிராமப் பஞ்சாயத்து ஒரு பக்கம், டவுன் பஞ்சாயத்து ஒரு பக்கம் என்று பிரிந்தது. 1981இல் இதற்கென்று தனி இயக்குநரகம் வந்தது. வருமானத்தைப் பொறுத்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரமும் உண்டு. இதில் வேடிக்கை 2004இல் நடந்தது. கிராமங்களுக்கான மத்திய அரசு நிதி நகரப் பட்டியலில் இருக்கும் ஊருக்குக் கிடைக்காது. அதனால் அந்த வருஷம் 561 பேரூராட்சிகளை ‘சிறப்பு கிராம ஊராட்சி’ என்று மாற்றி எழுதினார்கள். படுக்கும்போது டவுனாக இருந்த ஊர் எழுந்திருக்கும்போது கிராமம். ஆட்சி மாறி 2006இல் மறுபடி பேரூராட்சி. பெரியப்பா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். “போர்டை எழுதற பெயிண்டருக்கு நல்ல வருஷம்டா” என்றார்.

அவர் சொன்ன கிண்டலுக்குள் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. இன்றைக்கும் ஓர் ஊராட்சியைப் பேரூராட்சியாக உயர்த்துகிறோம், நகராட்சியோடு சேர்க்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்தால் ஊர் மக்கள் இனிப்புக் கொடுப்பதில்லை, மனு கொடுக்கிறார்கள். கிராமப்புற வேலை உறுதி போய்விடும். வரி ஏறும். கிராம சபையும் போய்விடும். ஊராட்சியில் வருஷத்துக்குச் சில நாளாவது மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து தலைவரைக் கணக்குக் கேட்கலாம். பேரூராட்சி ஆனால் அந்த உரிமை பெரும்பாலும் கவுன்சிலர் வழியாகத்தான். பெயரில் ‘பேர்’ கூடுகிறது, ஊர்க்காரனின் நாக்குக்கு இருந்த இடம் குறைகிறது. நகர வேலைவாய்ப்புத் திட்டம் என்று 2022இல் சில ஊர்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். சட்டப்படி கேட்டு வாங்கும் கிராமத்து வேலைக்கு அது ஈடாகாது.

வட சென்னைக்காரர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை. 2011 அக்டோபர் வரை மணலிக்குப் பக்கத்தில் சின்னசேக்காடு என்று ஒரு பேரூராட்சி இருந்தது. கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி எல்லாம் தனித்தனி நகராட்சிகள். அந்த வருஷம் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று மொத்தம் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு கரைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆயிற்று. இணைந்ததில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்ன ஊரால் பாதாளச் சாக்கடை போட முடியாது, பெரிய மழைநீர் வடிகால் கட்ட முடியாது. காட்டுப்பள்ளியில் 2010இல் வந்த கடல்நீர்க் குடிநீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. வட சென்னைக்கு அது பெரிய தைரியம். (இருப்பது காட்டுப்பள்ளியில், ஊர் வாயில் ‘மீஞ்சூர் ஆலை’.) இப்படிப்பட்ட காரியங்களுக்குப் பெரிய கைதான் வேண்டும்.

ஆனால் அணைந்துபோன தெருவிளக்குக்குப் பெரிய கை எதற்கு? இணைப்புக்கு முன்னால் சின்னசேக்காட்டுக்காரர் நடந்து போய்த் தலைவரைப் பார்த்துவிடலாம். இன்று அவருக்கு மண்டல அலுவலகம், உதவி எண், செயலி, புகார் எண், ‘தீர்வு காணப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தி. விளக்கு அணைந்தே இருக்கும்போதும் அந்தக் குறுஞ்செய்தி வரும் என்பது எங்கள் தெரு அனுபவம். புகார் கொடுப்பதற்கு இத்தனை வசதி வந்தபிறகும் முகத்தைப் பார்த்துக் கேட்க ஓர் ஆள் இல்லாததைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன். குப்பையிலும் இதைப் பார்க்கலாம். பல பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்ற பெயரில் மக்கும் குப்பையைப் பிரித்து மண்புழு உரம் ஆக்கி விற்கிறார்கள். பெரியப்பா ஊரிலும் இருக்கிறது. நாற்றம் வந்தால் மறுநாள் காலை தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், அதனால் பிரித்துத்தான் ஆக வேண்டும். நம் பக்கம் 250 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கொடுங்கையூர்க் கிடங்கின் நாற்றம் பல வருஷமாக வருகிறது. யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

சின்ன ஊர் என்பதாலேயே எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேட்டில் இருந்த காலனியை மேலே சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்றால், புகார் கொடுத்தவர் யாரென்றும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரமே அவர் வீட்டுக் கட்டட அனுமதியில் ஏதாவது குறை முளைக்கும். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் வந்துவிட்டது; ஆனால் சில அலுவலகங்களில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு அவருடைய கணவர் உட்கார்ந்து ஃபைல் புரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். “தலைவரைப் பாக்கணும்” என்றால் “நான்தான், சொல்லுங்க” என்கிறார் அந்த மனிதர். உள்ளே தலைவரம்மா நமக்காகக் காபி போட்டுக்கொண்டிருக்கிறார். இதற்குச் செயல் அலுவலர்களே துணை போகிறார்கள், அதுதான் கேவலம்.

மன்றமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புறத் தேர்தல் நடக்கவில்லை. ஏறத்தாழ ஐந்தரை வருஷம் தனி அலுவலர் ஆட்சி. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னதைக் கேளுங்கள்: “வேலை ரொம்ப ஈசி சார். பொருள் வைக்கிறவரும் நாங்கதான், தீர்மானம் போடறவரும் நாங்கதான். யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.” கொஞ்ச நேரம் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா ராத்திரி மோட்டார் எரிஞ்சா ஜனங்க எங்களுக்கு போன் பண்ணல சார். எங்க போறதுன்னு தெரியாம சும்மா இருந்துட்டாங்க” என்றார். எங்கள் தண்டையார்பேட்டையின் 23 வருஷமும் இதே சும்மா இருந்ததுதான்.

2022இல் பேரூராட்சிகளுக்கு மட்டும் ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர் இடங்களுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தலைவரை இந்த முறை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இது ஆட்சிக்கு ஆட்சி மாறும்; 2011இல் நேரடி, 2006இல் மறைமுகம். ஜெயித்த உறுப்பினருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது. தெருவுக்கு இறங்கி வேலை செய்யும் உறுப்பினருக்கு அது பெட்ரோலுக்கே பற்றாது. பற்றாததைச் சிலர் சொந்தக் கையிலிருந்து போடுகிறார்கள், சிலர் ஒப்பந்தக்காரரிடமிருந்து எடுக்கிறார்கள். உங்கள் வார்டில் எந்த வகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2022 மார்ச் 2ஆம் தேதி பதவி ஏற்ற மன்றங்கள் அவை. ஐந்தாண்டு என்றால் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குமேல் மறுபடி தனி அலுவலர் என்று ஓர் அரசாணை வந்துவிடாமல், தேர்தல் காலத்தில் நடக்க வேண்டும். சென்னை வாசகர்களுக்குத் தனியாக ஒன்று: நம் வார்டுகளில் ‘பகுதி சபா’ என்று 2022 நவம்பர் 1 முதல் கூட்டம் நடத்துகிறார்கள். கிராம சபைக்கு நகரத்துப் பதில். நான் போன ஒரு கூட்டத்தில் நாற்காலிகளைவிட ஆட்கள் குறைவு. அடுத்த முறை வாருங்கள், வந்து பின்வரிசையில் உட்காராதீர்கள்.

இந்த இதழைப் படிக்கும் பேரூராட்சி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வால்வு திறப்பவர் யார், எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கிறார், எந்தத் தெருவுக்குக் கடைசியில், ஏன் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு போஸ்ட் கார்டு போதும். பில் கலெக்டர்கள், மேஸ்திரிகள், எழுத்தர்கள், பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் எழுதலாம். வந்த கடிதங்களை ஒரே இதழில் சேர்த்து வெளியிடுகிறோம்.

ஊர்ப் பெயர் வேண்டாமென்றால் சொல்லுங்கள், போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்
தண்டையார்பேட்டை